கொல்லன் துருத்தியும் கைப்பேசியும்



இலக்கிய வட்டத்தின் விழாவில் கைப்பேசியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதில் வியப்பில்லை. அந்தப் பொல்லாத கருவியை நிகழ்ச்சி முடியும்வரை அணைத்து வையுங்கள் என்னும் வேண்டுகோள் ஒன்றே இலக்கிய மேடைகளில் அதற்குக் கிடைத்துவரும் இடம். அப்படிக் கேட்டுக்கொண்ட சிறிது நேரத்திலேயே முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு திரைப்பாடல் ஒலிப்பதும், அவர் பதறிப்போய்ப் பொத்தானைத் தேடுவதும், பேச்சாளர் புன்னகையோடு காத்திருப்பதும் எல்லா ஊர் அரங்குகளிலும் நடப்பனவே. கவிஞரும் கைப்பேசி வாங்குகிறார். கவிஞரும் அதில் மணிக்கணக்காகப் பேசுகிறார். பாட்டெழுத அமரும்போது மட்டும் அதை அப்பால் வைத்துவிட்டு நிலவையும் நதியையும் தேடிப் போகிறார். இவ்வாறு அப்பால் வைப்பது தமிழ்க் கவிதை மரபுக்கு உகந்ததுதானா என்னும் கேள்வியை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அது தேர்ந்துகொண்ட இடம் ஸ்ரீபெரும்புதூர்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் அது. காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இராமானுசர் தோன்றிய ஊர் என்பதால் வைணவர் நெஞ்சில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய திருவுருவத்தைத் ‘தானுகந்த திருமேனி’ என்று போற்றுவர். மறைவாகக் காக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் உயர ஏறி நின்று ஊரார் அனைவருக்கும் கேட்கச் சொன்னவர் என்று மரபு அவரைக் கூறும். ஒலிபரப்பு என்னும் தொழிலுக்கு அவ்வூர் மண்ணில் பழைய உறவு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1991 மே 21 அன்று இராசீவ் காந்தி உயிரிழந்ததும் அவ்வூரில்தான். நாட்டின் தொலைபேசி வளர்ச்சியில் ஆர்வம் காட்டிய தலைவர் அவர். 1984-இல் அமைந்த சி-டாட் நிறுவனமும், தெருமுனைதோறும் தோன்றிய எஸ்.டி.டி. கூண்டுகளும் அவர் காலத்தை நினைவூட்டுவன. ஓர் ஊருக்கு இவ்வளவு பொருத்தங்கள் வேண்டுமா என்று தோன்றுகிறது.

தொழிற்சாலைகள் வந்தது அதன் பிறகு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் சாண்ட்ரோ காரை வெளிக்கொணர்ந்தது. ஷாருக் கான் நடித்த விளம்பரத்தின் வழியே அந்தக் கார் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஓடியது. சாம்சங் ஆலை 2007-இல் வந்தது. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு 2013-இல் தன் புதிய ஆலையைத் தொடங்கியது. நெல் விளைந்த வயல்களும் ஏரிப்பாசன நிலங்களும் சிப்காட் மனைகளாயின. அவற்றை விற்றவர்களின் கதை தனி உரைக்கு உரியது. இங்கே அதற்கு இடமில்லை. இவ்வட்டாரத்துப் பொருள்களுள் மக்கள் கையோடு ஒட்டிக்கொண்டது கைப்பேசிதான். நோக்கியா 2005-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006 தொடக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. 2011-இல் அங்கே உருவான கைப்பேசிகளின் எண்ணிக்கை 50 கோடியைத் தொட்டது. ஐந்தே ஆண்டுகளில், ஒரே ஊரில், 50 கோடி! வெளிநாடுகள் பலவற்றுக்கும் அவை கப்பலும் விமானமும் ஏறின.

இந்த இடத்தில் பாரதியை நினையாமல் மேலே செல்ல முடியாது. காசியில் இருக்கும் புலவர் பேசுவதைக் காஞ்சியிலிருந்து கேட்க ஒரு கருவி வேண்டும் என்று அவர் கண்ட கனவைத் தமிழ்நாட்டில் சொல்லாத மேடை இல்லை. வானொலி வந்தபோது சொன்னார்கள். தொலைக்காட்சி வந்தபோது சொன்னார்கள். கைப்பேசி வந்தபோதும் சொன்னார்கள். சொன்னவர் எல்லாரும் கேட்பதையே எடுத்துச் சொன்னார்கள். அந்த இடத்தில் பாரதி முடிக்கும் வினையோ செய்தல் என்பது. கருவியைக் கடையில் வாங்குவோம் என்று அவர் பாடவில்லை. காஞ்சி மாவட்டத்திலேயே கருவி செய்யப்பட்டபோது, கேட்பதைக் கொண்டாடிய மேடைகள் செய்வதைக் கவனிக்கவில்லை. அப்பாட்டை மேற்கோள் காட்டியே பழகிப்போனதால் வந்த மறதி போலும்.

கைப்பேசியைத் தமிழ்ச் சமுதாயம் எப்படி வரவேற்றது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பது சுவையானது. முதலில் பெயர் சூட்டும் விழா நடந்தது. அலைபேசி என்றனர் சிலர். கைப்பேசி என்றனர் சிலர். செல்லிடப்பேசி என்றது ஒரு தரப்பு. ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் தமிழ் வினையின் பொருளையும் ஒரே சிமிழில் அடைத்த அந்தச் செல்லிடப்பேசிதான் மூன்றனுள்ளும் நுட்பமான ஆக்கம். ஆனால் நாவுக்கு நீளம். மக்கள் ‘செல்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். பெயர்களுள் மிகத் தவறிப்போனது ‘தவறிய அழைப்பு’ என்பது. மிஸ்டு கால் என்பதற்கு அகராதி நோக்கில் அது சரியான மொழிபெயர்ப்பு. வாழ்க்கை நோக்கில் அது நேர்மாறு. தமிழ்நாட்டில் மிஸ்டு கால் எதுவும் தவறிப்போனதன்று, தவறாமல் கொடுக்கப்பட்டது.

1995 சூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து சோதி பாசு தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசியதே இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல். அன்று அது செல்வர்களின் அணிகலன். வரும் அழைப்புக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2003-இல் அழைப்பவர் மட்டுமே கட்டணம் செலுத்தும் முறை வந்தது. அந்த முறையின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் ஏழைகள். அழைத்து, ஒலித்தவுடன் துண்டித்துவிட்டால் காசு இல்லை. ஒரு முறை ஒலித்தால் வீடு சேர்ந்தாயிற்று. இரு முறை ஒலித்தால் நீ கூப்பிடு. மூன்று முறை ஒலித்தால் வாசலில் நிற்கிறேன். சொல்லே இல்லாத ஒரு மொழியை, இலக்கணம் எழுதாமலே, இலட்சக்கணக்கானோர் பேசினார்கள்.

அகப்பொருள் கற்றவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. இரவுக்குறியில் வரும் தலைவன் வாய் திறந்து அழைப்பதில்லை. புள்ளினத்தை எழுப்புவான், நீரில் ஏதேனும் விழச் செய்வான், அந்த ஓசையைத் தலைவி அறிந்து வெளியே வருவாள். அவன் செய்யாமல் இயல்பாகவே ஒரு பறவை கத்தினாலோ, ஒரு காய் நீரில் விழுந்தாலோ, அவள் அவன்தான் என்று வந்து ஏமாந்து திரும்புவாள். அதற்கு ‘அல்லகுறி’ என்று பெயர். யாரோ எண் தவறி அழைத்த அழைப்பை அவன் அழைப்பென்று எண்ணிப் படி இறங்கி வந்து நின்ற பெண்கள் எத்தனை பேர்! இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகள் குறியும் அல்லகுறியும் மீண்டும் வழங்கிய காலம். 2016-இல் ஜியோ வந்து பேச்சுக்குத் தனிக்கட்டணம் இல்லை என்றானபின் அந்த மொழி வழக்கிழந்தது. அதில் இலக்கியம் செய்திருக்கக்கூடிய காலம் வந்தும் போயிற்று. கவிஞர்கள் அப்போது நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரைப்படம் அவ்வாறு இருக்கவில்லை. 1996-இல் வந்த ‘காதல் கோட்டை’யில் காதலர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, கடிதங்களால் வளர்ந்த காதல் அது. அகத்தியனுக்கு இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த படம். கைப்பேசி பரவியபின் அந்தக் கதையை எழுதவே முடியாது; முதல் நாளே படம் அனுப்பியிருப்பார்கள். 2018-இல் ஷங்கரின் ‘2.0’ படத்தில் கைப்பேசிகள் எல்லாம் மக்கள் கையைவிட்டுப் பறந்து போயின. அலைக்கோபுரங்களால் பறவைகள் மடிவதாக அக்கதை முறையிட்டது. 2022-இல் ‘லவ் டுடே’ வந்தது. பெண்ணின் தந்தை, காதலர் இருவரும் ஒருநாள் கைப்பேசியை மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்கிறார். அதற்குள் இருந்ததெல்லாம் வெளிவந்து காதல் தடுமாறுகிறது. 26 ஆண்டுகளில் ஒன்றுமே தெரியாமல் பூத்த காதலிலிருந்து எல்லாம் தெரிந்து வாடும் காதலுக்கு வந்தாயிற்று. மலிவான பொழுதுபோக்கு என்று இலக்கிய வட்டங்கள் ஒதுக்கும் திரைப்படம், கருவி மனத்தை என்ன செய்கிறது என்பதைக் கவிதையைவிட விரைவாகக் கண்டுகொண்டது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அந்தத் திரைப்படங்களிலும் கைப்பேசி மரத்தில் காய்த்தது போலவே வருகிறது. அதைக் கோத்த கை ஒரு காட்சியிலும் இல்லை.

ஒருவகையில் அந்தக் கையை மறைத்தது கைப்பேசியேதான். நோக்கியாவை உயிர்ப்பித்தவுடன் திரையில் இரண்டு கைகள் இருபுறமிருந்தும் நீண்டு வந்து இணையும். அதை உலகமே பார்த்தது. கூடவே ஒலிக்கும் மெட்டு, ஸ்பெயின் நாட்டு கித்தார்க் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902-இல் இயற்றிய இசையிலிருந்து எடுத்தது என்று பின்னாளில்தான் பலர்க்கும் தெரிந்தது. 2003-இல் வந்த 1100 என்னும் வகை, இந்தியா போன்ற நாடுகளின் சிற்றூர்களை மனத்தில் கொண்டு அமைத்தது: புழுதி புகாத பொத்தான் பலகை, வியர்த்த கையிலிருந்து நழுவாத பிடி, மின்சாரம் போனால் உதவ நெற்றியில் ஒரு சிறு விளக்கு. 25 கோடிக்கு மேல் விற்றது அது. வரப்பில் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க வெளியே அந்த விளக்கு. பொழுது போக உள்ளே இன்னொரு பாம்பு. தின்னத் தின்ன நீண்டு, கடைசியில் தன் உடம்பிலேயே மோதிச் சாகும் அந்தப் பாம்பு விளையாட்டில் நோக்கியாவின் வரலாறே இருந்தது என்பது பிறகு புரிந்தது.

திரையில் தெரிந்த அந்த இரு கைகளை விட்டு, அதைச் செய்த கைகளுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; இருபதைச் சுற்றிய வயதினர். பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்துப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மூன்று முறைப் பணி. தொழிற்சாலைப் பேருந்து விடியுமுன் ஊரோரத்தில் வந்து நிற்கும். ஓட்டுநர் விரும்பும் பாட்டே அன்றைய பாட்டு. உள்ளே நுழைந்ததும் தலைக்கு உறை, காலுக்கு வேறு செருப்பு, மணிக்கட்டில் ஒரு பட்டை. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நுண்ணிய சில்லுகளைக் கெடுத்துவிடாமல் மண்ணுக்கு இறக்கிவிடும் பட்டை அது. இத்தகைய தொழிற்கூடங்கள் பலவற்றில் பணியாளர் தம் கைப்பேசியை உள்ளே கொண்டுசெல்லக் கூடாது. எட்டு மணி நேரம் கைப்பேசி செய்பவளை அந்த எட்டு மணி நேரமும் கைப்பேசியில் அழைக்க முடியாது.

வேலை எப்படி நடக்கும்? முதலில் வெறும் மின்சுற்றுப் பலகை வரும். துளையிட்ட மெல்லிய தகட்டின் வழியே அதன்மேல் பற்றாசுப் பசையைப் பூசுவர். பிறகு கடுகினும் சிறிய உறுப்புகளை ஓர் இயந்திரம் கொத்திக் கொத்தி எடுத்து, கண்ணால் பின்தொடர முடியாத விரைவில் உரிய இடங்களில் வைக்கும். அடுத்து உலை. ஏறத்தாழ 240 பாகை வெப்பத்தில் பசை உருகி, பலகை வெளியே வந்து ஆறும்போது உறுப்புகளெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பின் ஒளிக்கண்ணால் சோதனை, மென்பொருள் ஏற்றுதல், திரை, பொத்தான் பலகை, மேலுறை பொருத்துதல், ஒலியும் அலையும் சரிபார்த்தல். கடைசியாக உலகில் வேறெந்தக் கைப்பேசிக்கும் இல்லாத 15 இலக்க எண் ஒன்று அதற்கு வழங்கப்படும். கைப்பேசிக்கும் ஒரு பெயர் சூட்டு விழா உண்டு. சூட்டியவர் பெயர் எங்கும் இராது.

பற்றாசு என்ற சொல் பொற்கொல்லர் பட்டறையில் இன்றும் வழங்குகிறது. அதைவிட, அது கவிஞர்களின் சொத்து. யாப்பிலக்கணம் கற்றவர்க்கு இருகுறள் நேரிசை வெண்பா நினைவிருக்கும். முதற் குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் ஓசை விட்டிசைத்தால், இடையில் ஓர் அசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அந்த அசைக்கு ‘ஆசு’ என்று பெயர். ஒன்றோடொன்று சேராத உலோகங்களைக் கம்மியர் பற்றாசு வைத்துச் சேர்ப்பதைக் காட்டியே காரிகையின் உரைகாரர் இதை விளக்குகிறார். எதுகையிலும் ஆசிடையிட்ட எதுகை உண்டு. வெண்பாவின் ஓசை பிளந்தபோது அதை ஒட்ட வைக்க ஒரு பெயர் தேடிய தமிழ்ப் புலவர் மலருக்கோ மதிக்கோ போகவில்லை, உலைக்களத்துக்குப் போனார். பட்டறையும் பாட்டும் அவ்வளவு அண்மையில் இருந்தன.

பின்னாளிலும் அந்த நெருக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தைத் தூதுக்கு உரியனவாக வகுத்தார்கள். வகுத்ததை மீறிப் பணத்தையும் தூது விட்டார்கள், புகையிலையையும் தூது விட்டார்கள். கடைத்தெருப் பொருள் கவிதைக்கு இழுக்கு என்று அவர்கள் எண்ணியிருந்தால் அந்நூல்கள் பிறந்திரா. தூது போவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கருவி கிடைத்த காலத்தில், தூது என்னும் இலக்கிய வகை ஓய்வெடுத்துக்கொண்டது விந்தைதான்.

இவ்வுரையின் நடுப்பொருளாக வைக்க வேண்டிய பாட்டு ஒன்று உண்டு. குறுந்தொகையின் 172-ஆவது பாட்டு. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். கச்சி என்பது காஞ்சி. மாலை வருகிறது; வௌவால்கள் பழமரங்களை நோக்கிப் பறக்கின்றன; பிரிந்து போனவன் தனியே அங்கு இனிதாக இருக்கிறானோ என்று தலைவி கேட்கிறாள். தன் நெஞ்சின் நிலையைச் சொல்ல அவளுக்கு ஓர் உவமை வேண்டும். ஏழு ஊர்களின் பொது வேலைக்கு ஒரே ஊரில் அமைந்த கொல்லன் உலையைக் காட்டுகிறாள். அந்த உலையின் துருத்தி எப்படி ஓய்வும் எல்லையும் அறியாமல் மிதிபட்டுக்கொண்டே இருக்குமோ அப்படித் தன் நெஞ்சு வருந்துகிறதாம்.

இந்த உவமையை அழகு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நன்னாகையார் அங்கே என்ன செய்யவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அவர் கொல்லனுக்காக இரங்கவில்லை. உழைப்பாளர் வாழ்வு என்று தலைப்பிட்டு ஒரு பாட்டுப் பாடவில்லை. துருத்தியை அவர் தம் நெஞ்சுக்குள் எடுத்துக்கொண்டார். ஏழு ஊருக்கு ஒரு துருத்தி என்றால் அதன் தோல் என்ன பாடுபடும் என்பது அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. ஆகவே தம் துயரைச் சொல்ல வாய் திறந்தபோது அந்தச் சொல் தானே வந்தது. காதற்பாட்டாகவே அது நிற்கிறது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் காஞ்சி வட்டாரத்தில் ஒரு பட்டறை எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பதை எந்தக் கல்வெட்டைக் காட்டிலும் அது தெளிவாகச் சொல்கிறது.

அதே காஞ்சி மாவட்டத்தில், ஏழு ஊருக்கன்று, எத்தனையோ நாடுகளுக்கு ஓர் ஊர் உலை மூட்டியது. வரிசையில் நின்ற பெண்ணின் மணிக்கட்டுப் பட்டை, உலையிலிருந்து வந்து ஆறும் பலகை, பிழையுள்ளதென்று ஒதுக்கப்படும் துண்டு, பணிமுறை மாறும் சங்கு இவற்றுள் ஒன்றேனும் தமிழ்க் காதற்பாட்டுக்குள் உவமையாக நுழையவில்லை என்றால், குறை பொருளில் இல்லை. தொழிலாளரைப் பற்றிப் பரிவோடு எழுதிய கவிதைகள் உண்டு, அவை வேண்டுவனவே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாயிலுக்கு வெளியே நின்று எழுதியவை. வாயிலுக்கு உள்ளே வழங்கும் சொற்கள் அவற்றில் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானது. கொல்லன் உலை ஊர் நடுவே இருந்தது. நன்னாகையார் அவ்வழியே நடந்துபோனாலே கண்டிருப்பார். ஸ்ரீபெரும்புதூர் ஆலையோ சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் மதிலுக்குள் இருந்தது. அடையாள அட்டை இல்லாதவர் உள்ளே போக இயலாது. காணாததை எவ்வாறு பாடுவது? சரியான கேள்விதான். ஆனால் அட்டை உள்ளவர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெண்பா வராவிட்டாலும் திரைப்பாட்டு வரும் அவர்களுக்கு. பாட்டுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் விடுதி அறைகளில் என்றும் உண்டு. இலக்கிய வட்டங்கள் நகரத்து நூலக மாடிகளில் கூடின. அவர்கள் விடுதிகளிலும் பேருந்துகளிலும் இருந்தார்கள். இடையில் ஆசு வைப்பார் எவரும் இல்லை.

அந்த ஆலையின் முடிவு விரைவில் வந்தது. அதற்கு முன்பே நிழல் விழுந்திருந்தது: 2010 அக்டோபர் இறுதியில் ஓர் இளம்பெண் பணியின்போது இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2013-இல் வரி வழக்கு எழுந்தது. வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கோரியது. அவ்வாண்டு செப்டம்பரில் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் கைக்குப் போனபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஏறத்தாழ 5,000 பேர் பணம் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! தமிழ்ச் சொற்றொடர்களில் இத்தகைய முரண்தொடை அரிது. மைக்ரோசாப்ட் வாங்குவதை நிறுத்திக்கொண்டதும், 2014 நவம்பர் 1 முதல் ஆலை நின்றது. அவ்வாண்டு முடியுமுன் அருகிருந்த பாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. நன்னாகையாரின் துருத்திக்கு எல்லை தெரியாமல் இருந்தது. இந்தத் துருத்திக்கு ஒரு தேதி குறித்தே தெரிவிக்கப்பட்டது.

ஆலை நின்றபின்னும் அங்கே செய்த கைப்பேசிகள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. ஆப்பிரிக்கச் சந்தையொன்றில் காய் விற்கும் பெண்ணின் மடியிலோ, வங்காளத்துப் படகோட்டியின் இடுப்பிலோ அவற்றுள் ஒன்று ஒளி காட்டியிருக்கக்கூடும். அதைக் கோத்தவர் அப்போது தம் ஊரில் துணிக்கடையிலோ பள்ளி அலுவலகத்திலோ வேறு வேலை தேடிக்கொண்டிருந்திருப்பார். பொருள் தன்னைச் செய்தவரின் வேலையைவிட நீண்ட ஆயுள் பெறுவது உலக இயல்பே. கோயில் சிற்பிக்கும் அதுவே நேர்ந்தது. சிற்பத்தின் முன் நிற்பவர் சிற்பி யாரோ என்றாவது கேட்கிறார். கைப்பேசியைக் கையில் எடுப்பவர் அதன் விலையைக் கேட்கிறார்.

பிறகு மீண்டும் தொழில் வந்தது. சுங்குவார்சத்திரத்தருகே பாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்யத் தொடங்கியது. 2022-இல் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த அதே மாதத்தில் இங்கும் அதன் உற்பத்தி தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 டிசம்பரில், பூந்தமல்லி வட்டாரத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். சிலர் இறந்துவிட்டதாக ஒரு பொய்ச்செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. உடன் பணிபுரிந்த பெண்கள் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்துவிட்டார்கள். இறப்புச் செய்தி அல்லகுறிதான். ஆனால் அதை நம்புவதற்கு அவர்களுக்கு இருந்த காரணங்கள் பொய்யல்ல: நெருக்கமான அறைகளும் தரமற்ற உணவும் அதன்பின் ஊரறியப் பேசப்பட்டன. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். அடுத்த மாதமே சாம்சங் தொழிலாளர் சங்க உரிமை கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் செய்த குளிர்பதனப் பெட்டி இங்குள்ள கவிஞர் இல்லங்களிலும் இருக்கலாம்.

18,720 பெண்கள் ஒரே வளாகத்தில் வாழ்வதென்றால் அது ஒரு பேரூர். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு கைப்பேசி மின்னேற்றியில் மாட்டியிருக்கும். அங்கே பேசப்படும் தமிழ் எது? மதுரைத் தமிழும் கொங்குத் தமிழும் வடாற்காட்டுத் தமிழும் ஒரே சமையற்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது எந்தச் சொல் எந்தச் சொல்லை வெல்கிறது? இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் பெண், மாலையைப் பற்றி என்ன பாட்டுப் பாடுவாள்? அவளுக்கு மாலை என்பது விழித்தெழும் பொழுது; முல்லைக்கு வகுத்த சிறுபொழுது அவளுக்கு விடியல். திணை மயக்கம் பற்றி நூல்கள் எழுதியிருக்கும் அறிஞர்கள் இப்பொழுது மயக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

நன்னாகையார் என்னும் பெயரில் குறுந்தொகையில் இன்னொரு பாட்டு உண்டு, 118-ஆவது. பறவையும் விலங்கும் அடங்கிவிட்ட மாலைப்பொழுது. பலர் நுழையும் வாயிலை அடைக்கப் போகிறவர்கள், இனியும் உள்ளே வருவோர் உண்டோ என்று கேட்கிறார்கள். அப்போதும் அவன் வரவில்லை என்கிறாள் தலைவி. பாட்டு அவ்வளவுதான். அடைக்குமுன் ஒருமுறை கேட்பது அக்காலத்து வாயில் காவலரின் வழக்கம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2014-இல் அடைத்த வாயில், சால்காம்ப் நிறுவனம் அவ்விடத்தை வாங்கியபின், மீண்டும் திறந்தது. முன்பு கைப்பேசி செய்த கூடத்தில் கைப்பேசிக்கு மின்னேற்றி செய்யத் தொடங்கினார்கள். மாலையில் முறை மாறும்போது பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து மரங்களிலிருந்து வௌவால்களும் அந்நேரத்தில்தான் புறப்படுகின்றன. பெண்கள் இறங்கி விரைகிறார்கள். இனியும் வருவோர் உண்டோ என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையை ஒரு பொறி படித்துக்கொள்கிறது.